விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்!

பள்ளியை விட்டு விலகிய பிள்ளையை மறுபடி வகுப்பில் உட்காரவைக்க எழுபது ஆண்டுகளாகப் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறது தமிழ்நாடு. அவற்றில் எது பிள்ளையை முன்னே கொண்டுபோனது? எது பழைய இடத்திலேயே விட்டுவிட்டது? ஜமக்காளத் தறிகளின் ஊரான பவானியிலிருந்து ஓர் அலசல்.

*

அகலமான ஜமக்காளத்தை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. குழித்தறியில் கால்களை இறக்கி இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார வேண்டும். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். பவானியில் பல வீடுகளில் அந்த இருவர் கணவனும் மனைவியும்தான். 2005-06ல் புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமக்காளத்தின் பட்டைப் பட்டையான நிறங்கள் இப்படித்தான் அங்குலம் அங்குலமாக எழுகின்றன.

ஆனால் அந்த வீட்டில் இன்னும் இரண்டு கைகள் தேவைப்படுகின்றன. நாடாவுக்குள் போடும் நூலைத் தாராகச் சுற்றித் தர ஒருவர் வேண்டும். தார் சுற்றுவது சின்ன வேலை. சின்ன வேலை என்பதாலேயே அது சின்னப் பிள்ளையின் வேலையாகிவிடுகிறது. முதலில் பள்ளி விட்டு வந்த பிறகு ஒரு மணி நேரம். பிறகு சனி, ஞாயிறு. ஆர்டர் அதிகமாக வந்தால் ஒரு வாரம். அப்புறம் ஒருநாள் வகுப்பில் பெயரைக் கூப்பிடும்போது பதில் வருவதில்லை.

நெசவாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால் அப்படியே விட்டுவிட்டு மேலே நெய்துகொண்டு போகமாட்டார். தறியை நிறுத்துவார். அறுந்த நுனியைத் தேடி எடுப்பார். எச்சில் தொட்டு முறுக்கி, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அறுந்த இழையை அப்படியே விட்டால் துணி முழுக்க அந்தக் கோடு தெரியும்.

பள்ளிக்கூடத்தில் அறுந்த இழையை யார் தேடுவது?

கதவைத் தட்டினால் கிடைக்கும் பதில்

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர்களும் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களும் தெருத் தெருவாக நடக்கிறார்கள். இந்தப் பக்கத்துத் தறிக்காரர் தெருக்களில் அந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“ஏனுங்கம்மா, பாப்பா பள்ளிக்கூடம் வர்றதில்லீங்களே?”

“அவ வந்துட்டா சின்னவன யாருங்க பாத்துக்கறது? நாங்க ரெண்டு பேருமே தறியிலதானுங்க இருக்கறம்.”

அதில் பொய்யும் இல்லை, அலட்சியமும் இல்லை. அந்த அம்மாவுக்குப் படிப்பின் அருமை தெரியும். பள்ளி மணி ஒன்பதரைக்கு அடிக்கிறது, வீட்டின் தேவை வேறு மணியில் அடிக்கிறது என்பதுதான் சிக்கல்.

பவானியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஒரு காரணம் இருக்கிறது. காவிரிக்கு அக்கரையில் குமாரபாளையம் விசைத்தறிகள். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு இடம் மாறுகிறவர்கள். பெருந்துறை சிப்காட்டுக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்து, பள்ளிக்கு வந்த முதல் நாள் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகள். வீட்டை விட்டு நகர முடியாத மாற்றுத்திறன் குழந்தைகள்.

ஒருவருக்கு நேரம் ஒத்துவரவில்லை. ஒருவருக்குத் தூரம். ஒருவருக்கு மொழி. இன்னொருவருக்கு வயது. பதினான்கு வயதில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருவதற்கு எந்தப் பையனும் கூசத்தான் செய்வான். இத்தனை பேருக்கும் ஒரே மணி, ஒரே அறை, ஒரே புத்தகம் என்றால் யாரோ ஒருவர் வெளியே நிற்கத்தான் போகிறார். அதனால்தான் மாற்றுவழிகள் தேவைப்படுகின்றன. ஆனால் மாற்றுவழி என்ற பேச்சை எடுத்தாலே தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய காயம் நினைவுக்கு வரும்.

1953: நேரத்தைக் குறைத்த திட்டம்

முதலமைச்சராக இருந்த ராஜாஜி 1953ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளைக்கு 3 மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு பிரிவாக முறை வைத்து வரலாம். மிச்ச நேரத்தில் வீட்டில் தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வைத்தே இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்க முடியும் என்பது அரசு சொன்ன நியாயம். காகிதத்தில் பார்த்தால் அதுவும் நெகிழ்வான கல்விதான்.

நாடு அதைக் குலக்கல்வி என்று அழைத்தது. ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பெரியார் அதை முழுமூச்சாக எதிர்த்தார். எதிர்ப்புக்குக் காரணம் எளிமையானது. மூன்று மணி நேரம் போக மிச்ச நேரத்தில் அதிகாரியின் மகன் என்ன கற்பான், நெசவாளியின் மகன் என்ன கற்பான், துப்புரவுத் தொழிலாளியின் மகள் என்ன கற்பாள்? பிறந்த வீடே பாடத்திட்டமாகிவிடும். ராஜாஜி 1954 ஏப்ரலில் பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சரானார். அந்த மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அப்போது கல்வித் துறையைக் கவனித்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம்.

இதே கொங்கு மண்ணில் கைத்தொழிலைக் கல்வியாக்கும் இன்னொரு பாதையும் இருந்தது. 1937ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பையும் நெசவையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கச் சொன்னது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை வளர்த்த தி.சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்விக்கு ஊக்கம் கொடுத்தார். தறியில் எல்லாச் சாதிப் பிள்ளையும் உட்கார்ந்தால் அது பாடம். நெசவாளியின் பிள்ளை மட்டும் உட்கார்ந்தால் அது வேலை.

குலக்கல்வி அனுபவம் நமக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்திருக்கிறது. எந்த மாற்றுவழி வந்தாலும் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம்: இங்கிருந்து இந்தப் பிள்ளை அடுத்து எங்கே போகும்?

நானூறு ரூபாயும் ஒரு நோட்டும்

இந்தக் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் சொன்னவை குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகள். 1988ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதற்கு வேகம் கூட்டியது. ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஈரோடு மாவட்டத்திலும் இந்த மையங்கள் நடந்தன. ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். மதிய உணவு உண்டு, மாதா மாதம் உதவித்தொகை உண்டு. அந்தத் தொகை கடைசியில் 400 ரூபாயாக இருந்தது. பையன் கொண்டுவரும் கூலிக்கு அது ஈடாகாதுதான். ஆனால் “எம் பையனுக்கும் பள்ளிக்கூடத்துல காசு வருதுங்க” என்று வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. பர்கூர், கடம்பூர் மலைக் கிராமங்களில் பள்ளியை எட்டிப்பிடிக்க முடியாத பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்த மையங்களே முதல் வகுப்பறை.

அந்த மையங்கள் தங்களைப் பள்ளிக்கு மாற்றாக நினைக்கவில்லை. பள்ளிக்குப் போகும் பாலமாக நினைத்தன. இரண்டு ஆண்டுக்குள் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில், வழக்கமான அரசுப் பள்ளியில் கொண்டு சேர்ப்பதுதான் அவற்றின் வேலை.

2022 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே துறை பொறுப்பேற்பது நல்லதுதான். ஆனால் கூலி வேலையில் இருக்கும் பிள்ளையைத் தேடிப் போவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஓர் ஆள் ஊரில் இருந்தார். இப்போது அந்த வேலை, ஏற்கெனவே பத்து வேலை பார்க்கும் ஆசிரியர் பயிற்றுநரின் பதினோராவது வேலையாகிவிட்டது. மலைக் கிராமத்தில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

ஏணியும் அட்டையும்

குழந்தைத் தொழிலாளர் மையங்கள் செய்த இன்னொரு காரியம் பலருக்கும் மறந்துபோயிருக்கும். அவை வழக்கமான பள்ளிகளையே மாற்றின.

வேலூரில் ஆட்சியராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் படிக்கவைப்பதில் ஈடுபட்டவர் எம்.பி. விஜயகுமார். இத்தனை வயதுப் பிள்ளைகள், இத்தனை நிலைகளில், ஒரே அறையில் இருந்தால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி அவரோடு சென்னைக்கும் வந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த அவர், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி தன் கிராமப் பள்ளிகளில் உருவாக்கியிருந்த முறையைப் பார்க்க ஆசிரியர்களை அனுப்பினார். 2003ல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சு இல்லை. ஆசிரியரும் பாயில், பிள்ளைகளும் பாயில். சுவரில் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள். தட்டுகளில் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னப் படமும் எண்ணும். சுவரில் ஒரு ‘ஏணி’. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும்.

இதில் ஒளிந்திருந்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. அம்மாவோடு கரும்பு வெட்டுக்குப் போய் இருபது நாள் கழித்து வரும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் எதுவும் ‘நடந்து முடிந்து’ போயிருக்காது. ஏணியில் அவளுடைய படி அப்படியே காத்திருக்கும். விட்ட இடத்திலிருந்து அடுத்த அட்டையை எடுத்தால் போதும். அதற்குத் தனி மையம் வேண்டாம், தனிப் பள்ளி வேண்டாம். நெகிழ்வு வகுப்பறைக்குள்ளேயே இருந்தது.

பிறகு அது மெல்ல மங்கியது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளில் அட்டை முறையை நடத்துவது பெரும்பாடு. பதிவேடுகள் பெருகின. “பையில புத்தகத்தையே காணமுங்க, வீட்டுப்பாடமும் இல்லீங்க” என்று பெற்றோர் தனியார் பள்ளி வேனைப் பார்த்தார்கள். ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்ப்பதில் அதே எண்ணம்தான் வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது.

மாலை ஐந்து மணி, கோயில் மண்டபம்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் கால் வைத்தது 2021 நவம்பர் 1ல். பத்தொன்பது மாதம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஆனால் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27ல், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. அந்தத் தெருவிலேயே வசிக்கும் படித்த பெண் ஒருவர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலை 5 முதல் 7 வரை, சுமார் இருபது பிள்ளைகள். இடம்? வீட்டுத் திண்ணை, சமுதாயக்கூடம், கோயில் மண்டபம், எது கிடைக்கிறதோ அது.

பலன் இருந்ததா? தமிழ்நாட்டின் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்களின் ஆய்வு பதில் சொன்னது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

இந்தத் திட்டம் ஒரு விஷயத்தை நிரூபித்தது. பள்ளி நேரத்தைக் குறைக்காமல், பள்ளிக்கு வெளியே நேரத்தைக் கூட்ட முடியும். 1953க்கு நேர் எதிர்த் திசை அது. தறி ஓயும் மாலையில், தெரிந்த அக்காவிடம், நடந்து போகும் தூரத்தில் படிப்பு. பெண்பிள்ளையை அனுப்ப எந்த வீட்டுக்கும் தயக்கம் இல்லை. தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வரலாம், யாரும் விரட்டமாட்டார்கள்.

பதினான்குக்கு மேல்?

கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும் காவல் நிற்கிறது. ஆனால் கொங்கு நாட்டில் பிள்ளைகளை வேலை இழுப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பையன், பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட பெண். திருப்பூரும் குமாரபாளையமும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. வாரச் சம்பளம் கையில் கிடைக்கிறது.

இவர்களுக்கும் வழி இருக்கிறது. பலருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும், முன்னே எந்த வகுப்பு வரை படித்தார் என்பது தடையில்லை. பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். தேர்ச்சி பெற்ற பாடங்கள் கைவிட்டுப் போகாது. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்பதற்கு இதைவிட நேரடியான ஏற்பாடு இல்லை.

கையால் வேலை செய்ய விரும்பும் பிள்ளைக்கு ஈரோட்டிலும் கோபியிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம். வயர்மேன் போன்ற இரண்டாண்டுப் பிரிவில் பயிற்சி முடித்து, தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளில் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் உண்டு. வயர் இழுத்த கை ஒருநாள் பாலிடெக்னிக் வாசலில் நிற்கலாம். “அடுத்து எங்கே?” என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

குறை எங்கே என்றால், தேர்வு இருக்கிறது, அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பகலில் தறியிலோ பனியன் கம்பெனியிலோ நிற்கும் பதினாறு வயதுப் பெண் எங்கே உட்கார்ந்து அல்ஜீப்ரா கற்பாள்? பணம் கட்டினால் டுடோரியல். கட்ட முடியாதவளுக்கு? மாலை நேரம் பூட்டிக் கிடக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது, வாரத்தில் நான்கு மாலை, தனித்தேர்வர்களுக்கான இலவச வகுப்பு நடந்தால் போதும். இல்லம் தேடிக் கல்வியில் கற்ற பாடத்தை பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நீட்டலாம். புதுக் கட்டடம் வேண்டாம், சாவியைக் கொடுத்தால் போதும்.

மலையில் வேண்டியது மொழிப்பாலம். கன்னடமோ சோளகர் பழங்குடியினரின் பேச்சோ தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் முதல் இரண்டு வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருந்தால், பிள்ளை வாய் திறக்கும். வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி சட்டப்படி உரிமை. சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார்கள். அந்த வருகை மாதத்துக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா என்பதில்தான் அந்தப் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. சிறப்பாசிரியர் எண்ணிக்கை கூடாமல் அது நடக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது ஒன்று. இடைநின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும், பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒரு மனிதர். பதிவேட்டில் ‘சேர்க்கப்பட்டார்’ என்று குறித்ததோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. ஜூனில் சேர்ந்த பிள்ளை செப்டம்பரில் எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறவர்தான் இழை பிணைக்கிறவர்.

உங்கள் தெருவில் பள்ளி போகாத பிள்ளை இருந்தால்...

• பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தை வேலையிலோ ஆபத்திலோ இருந்தால் 1098.

• மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகத் தொடக்கக் கல்வியில் சேர்க்கை மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது.

• பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பின்தங்கியிருந்தால் மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை.

• அப்படிச் சேர்ந்த பிள்ளைக்குப் பதினான்கு வயது கடந்தாலும், எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசக் கல்வி தொடரும்.

• தனித்தேர்வர் விண்ணப்பத்துக்கு அரசுத் தேர்வுகள் துறையின் சேவை மையங்களை அணுகலாம்.

இவை சலுகைகள் அல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டமும், ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடுகளும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். தறிக்கு நூல் கொடுக்கிறவர் சொல்லலாம், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் சொல்லலாம், மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்லலாம்.

பள்ளி தொடங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டதே, இனிமேல் சேர்ப்பார்களா என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அந்த அடுத்த வருஷம் வந்ததே இல்லை. அதே சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு சொல்வதை எளிமையாகச் சொன்னால், ஆண்டுத் தொடக்கத்தைத் தாண்டி வந்த பிள்ளைக்கும் இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. எனவே அந்தப் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போகலாம். அட்மிஷன் நாளைக்கும் உண்டு.